சம்பளச் சீட்டில் ஒரு வரி: கானா தொழிற்சங்கப் பேரவையின் எண்பது ஆண்டுகள்

1. ஆய்வுப் பொருள்

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் தொழிற்சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 1945-இல் உருவானது. நாட்டுக்கு அப்போது கோல்டு கோஸ்ட் என்று பெயர். விடுதலைக்கு இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. டி.யு.சி. என்று அங்கு எல்லோரும் சொல்லும் இந்தத் தொழிற்சங்கப் பேரவை அதன் பிறகு ஒருமுறை உடைந்து இரண்டானது. ஆளுங்கட்சியோடு பிணைக்கப்பட்டது. நாடாளுமன்றச் சட்டம் ஒன்றால் கலைக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து அதன் தலைவர்களைச் சொந்தக் கிளைத் தொழிலாளர்களே தலைமையகத்திலிருந்து வெளியேற்றினார்கள். இன்றும் அக்ராவில் ஒரு வரியையோ ஓர் அரசுச் சொத்தின் விற்பனையையோ நிறுத்தும் வலு அதற்கு இருக்கிறது.

இந்த ஏற்ற இறக்கங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் கட்சி அரசியலைக் கொண்டே விளக்கியிருக்கிறார்கள். எந்தச் சங்கத் தலைவர் விடுதலைத் தலைவர் குவாமே நிக்ரூமாவின் ஆள், யார் எதிராளி, எந்த ராணுவ ஆட்சியோடு யார் இணங்கிப் போனார் என்பதே அவர்கள் பேச்சு. அதில் உண்மை உண்டு. ஆனால் அது தலைமையகத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்த வரலாறு. தொழிலாளியின் கையிலிருக்கும் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கினால் இன்னொரு வரலாறு தெரிகிறது. இந்தக் கூட்டமைப்பின் பெரிய நெருக்கடிகளில் பல, சம்பளத்திலிருந்து எதைப் பிடிப்பது, யார் பிடிப்பது என்ற தகராறில் வெடித்தவை. சங்கச் சந்தா, கட்டாயச் சேமிப்பு, வளர்ச்சி வரி, விடுப்புப் படி, ஓய்வூதியம் என்று பெயர்தான் மாறியது.

சங்கச் சந்தாவை வாங்க இரண்டு வழிகள் உண்டு. சம்பள நாளன்று கிளைச் செயலாளர் வாசலில் நின்று ஆளாளாகக் கேட்டு வாங்கி ரசீது எழுதித் தருவது ஒன்று. முதலாளியே சம்பளத்தில் பிடித்துச் சங்கக் கணக்கில் கட்டிவிடுவது மற்றொன்று. முதல் வழியில் பாதிப் பேர் பாக்கி வைப்பார்கள். ஆனாலும் அந்தச் செயலாளருக்கு ஒவ்வொருவர் முகமும் மனக்குறையும் தெரியும். இரண்டாவது வழியில் பணம் தவறாமல் வரும். ஆனால் அது வரும் பாதை முதலாளியின் கணக்குப் பிரிவையும் அரசின் சட்டத்தையும் தாண்டித்தான் போகிறது. அந்தப் பாதையை யார் திறந்தார்கள், யார் அடைத்தார்கள் என்பதை அடுத்த பகுதிகள் ஆராய்கின்றன.

2. செகொண்டியின் ரயில் தொழிலாளர்கள்

கானாவின் சங்க வரலாறு தலைநகரில் தொடங்கவில்லை. மேற்குக் கடற்கரையின் செகொண்டியிலிருந்து 1898-இல் ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். 1901-இல் அது தங்கச் சுரங்கங்கள் இருக்கும் தர்க்வாவையும், 1903-இல் குமாசியையும் எட்டியது. 1928-இல் பக்கத்திலேயே தக்கோராடி துறைமுகம் திறக்கப்பட்டது. தங்கம், மாங்கனீசு, மரம், கோக்கோ என்று அந்தக் காலனி ஏற்றுமதி செய்தவற்றில் பெரும்பங்கு இந்தத் தண்டவாளத்தில் வந்து இந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது. செகொண்டியில் 'லொக்கேஷன்' என்ற பகுதியில் ரயில்வே பட்டறைகள் இருந்தன. அங்கே வேலை பார்த்த ஃபிட்டர்களும் எஞ்சின் டிரைவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காலனியின் வருமானமே நின்றுவிடும். அது அவர்களுக்கும் தெரியும், ஆளுநருக்கும் தெரியும்.

1940-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காலனி வளர்ச்சி நிதிக்கான சட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தது: பணம் வேண்டுமானால் அந்தக் காலனியில் தொழிற்சங்கம் அமைக்க வழி இருக்க வேண்டும். அதன் விளைவாக 1941-இல் கோல்டு கோஸ்டில் தொழிற்சங்கப் பதிவுச் சட்டம் வந்தது. 1945 செப்டம்பரில் 14 சங்கங்கள் செகொண்டியில் கூடிப் பேரவையை அமைத்தன. லண்டன் எதிர்பார்த்தது அரசியல் பேசாத, கூலியும் வேலை நேரமும் மட்டும் பேசும் சங்கங்களை. நாலரை ஆண்டுகூட அந்த எதிர்பார்ப்பு தாங்கவில்லை.

வேலைநிறுத்தம் செய்த வானிலைத் துறை ஊழியர்களை அரசு வேலையை விட்டு நீக்கியது. அவர்களை மீண்டும் சேர்க்கக் கோரிப் பேரவை 1950 ஜனவரி 6-ஆம் தேதி நள்ளிரவிலிருந்து பொது வேலைநிறுத்தம் அறிவித்தது. இரண்டு நாள் கழித்து குவாமே நிக்ரூமா காந்திய வழியிலான தன் 'பாசிட்டிவ் ஆக்‌ஷன்' இயக்கத்தைத் தொடங்கினார். 11-ஆம் தேதி நெருக்கடி நிலை. நிக்ரூமாவோடு எஞ்சின் டிரைவர் போபி பைனி, ஆண்டனி வுட் போன்ற சங்கத் தலைவர்களும் சிறைக்குப் போனார்கள். 1951 தேர்தலில் வென்ற நிக்ரூமா சிறையிலிருந்து வந்து அரசமைத்த கதையை எல்லா வரலாற்று நூல்களும் சொல்கின்றன. அந்த வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர்களைப் பற்றிய பக்கங்கள் மிகக் குறைவு. நிதியும் இல்லை, தலைவர்களும் இல்லை, பேரவை சிதறியது. போட்டிப் பேரவை ஒன்று முளைத்து, 1953-இல்தான் இரண்டும் ஒன்றாயின.

3. 1958-இன் சட்டம்: கொடுத்ததும் எடுத்ததும்

இணைந்த பேரவையின் பொதுச்செயலாளராக 1954-இல் வந்தவர் ஜான் டெட்டேகா. அவர் கண்ட நோய் உண்மையானது. ஒரே தொழிலில் பல குட்டிச் சங்கங்கள். சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர் வைக்க வழியில்லை. முதலாளி பேச மறுத்தால் பேச வைக்கும் சட்டமும் இல்லை. இஸ்ரேலின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஹிஸ்டாட்ரூட் போன்ற மையப்படுத்தப்பட்ட அமைப்பு அவருக்கு முன்மாதிரியாகப் பட்டது.

1958-இன் தொழிலுறவுச் சட்டம் அவர் கேட்டதைக் கொடுத்தது. பேரவை சட்டப்படியான அமைப்பானது. சிதறிக் கிடந்த சங்கங்கள் 24 தேசியச் சங்கங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. முதலாளி கூட்டுப் பேரத்துக்கு வந்தே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துத் தர வேண்டும். அதே சட்டம் எடுத்துக்கொண்டவையும் உண்டு. தகராறுகள் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டியிருந்ததால் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்வது ஏறத்தாழ இயலாத காரியமானது. அடுத்து வந்த திருத்தங்கள் பேரவைக்கு வெளியே சங்கம் வைப்பதற்கே இடமில்லாமல் செய்தன. ரயில்வே சங்கமும் யுனைட்டட் ஆப்பிரிக்கா கம்பெனி ஊழியர் சங்கமும் இந்தப் புதிய அமைப்பை எதிர்த்துப் பார்த்தன. பலிக்கவில்லை. 1960-இல் அக்ராவில் தொழிற்சங்க மாளிகை எழுந்தது.

டெட்டேகாவைத் துரோகி என்று எழுதிவிட்டுப் போவது நியாயமல்ல என்பது என் முடிவு. ஏழைச் சங்கங்களுக்கு நிலையான வருமானம் தேடியது தவறில்லை. ஆனால் சந்தா தானாக வந்து சேரும் நாளிலிருந்து, உறுப்பினர் மனம் கசந்தால் காசை நிறுத்தலாம் என்ற கடைசி உரிமையும் போய்விடுகிறது. தலைமையகம் இனி உறுப்பினரிடம் அல்ல, பிடித்தத்தை அனுமதித்த அரசிடம் கடன்பட்டது. மூன்றே ஆண்டுகளில் செகொண்டியில் அது வெளிப்பட்டது.

4. 1961 செப்டம்பர்

1961 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் அரசு கட்டாயச் சேமிப்பைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 120 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவரின் ஊதியத்தில் 5 சதவீதத்தைப் பிடித்து அரசுப் பத்திரமாக வைக்க வேண்டும். கூடவே புதிய சொத்து வரியும் கொள்முதல் வரியும். இதனால் தொழிலாளியின் சம்பளத்தில் இப்போது இரண்டு பிடித்தங்கள்: ஒன்று பேரவைக்கு, ஒன்று அரசுக்கு. இரண்டில் எதையும் அவர் மறுக்க முடியாது. எதற்கும் அவரைக் கேட்டதில்லை.

செப்டம்பர் 4-ஆம் தேதி செகொண்டி-தக்கோராடியின் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நிக்ரூமா அப்போது வெளிநாட்டில் இருந்தார். பேரவைத் தலைமை தன் உறுப்பினர்களின் போராட்டத்தைக் கண்டித்தது. ஊரோ முழுக்கத் தொழிலாளர் பக்கம் நின்றது. நகராட்சியில் இரவில் மலக்கூடை சுமந்தவர்கள் வரை வேலையை விட்டு வந்தார்கள். சந்தைப் பெண்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். இதை வெறும் இரக்கம் என்று படிப்பது பிழை. ரயில்காரர் சம்பளம் வந்தால்தான் அந்தப் பெண்களின் மீனும், மக்காச்சோள மாவு உணவான கென்கேயும் விற்கும். கொள்முதல் வரியும் அவர்கள் வியாபாரத்தைத்தான் தின்றது. துறைமுக நகரத்தில் ஒருவர் சம்பளச் சீட்டு இன்னொருவர் கடைக்கணக்கோடு கட்டப்பட்டிருந்தது.

அந்த நகரத்துக்கு மட்டுமான நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 16-ஆம் தேதி நிக்ரூமா திரும்பி வந்து வேலைக்குத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகும் சில நாள் அவர்கள் அசையவில்லை. ஏறத்தாழ 17 நாள் நீடித்து, பணமும் தீர்ந்து ஆதரவும் வராமல் போராட்டம் அடங்கியது. 1958-இன் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ்ச் சங்கத் தலைவர்கள் உள்ளே போனார்கள். அக்டோபரில் எதிர்க்கட்சியின் ஜே. பி. டான்குவாவும் ஜோ அப்பியாவும் கைதானார்கள்.

1950-இல் எந்த ஊர் நிக்ரூமாவின் இயக்கத்துக்குத் தோள் கொடுத்ததோ அதே ஊர்தான் 1961-இல் அவரை எதிர்த்து நின்றது. செகொண்டி ரயில்காரர்களைப் பற்றி 1978-இல் விரிவான நூல் எழுதிய ரிச்சர்ட் ஜெஃப்ரீஸ், அவர்களைச் சலுகை பெற்ற ஒரு சிறு கூட்டமாகப் பார்த்த வாதத்தை மறுத்து, எளிய மக்களின் குரலாகவே அவர்கள் நின்றதைக் காட்டினார். அந்த 17 நாளைப் படித்தால் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. கூலி உயர்வு மட்டும் அங்கே கோரிக்கையாக இருக்கவில்லை. தங்களைக் கேட்காமல் சட்டம் போடாதே என்பதும் கோரிக்கை. தலைமையகம் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. வேலைநிறுத்தத்தைக் கண்டித்த தலைமைக்கு, வேலைநிறுத்தம் செய்தவரின் சந்தா சட்டத்தின் தயவில் போய்க்கொண்டே இருந்தது.

5. கலைப்பும் மீட்பும்: 1966 முதல் 1978 வரை

1966 பிப்ரவரி 24-இல் ராணுவம் நிக்ரூமாவைக் கவிழ்த்தபோது அவரைக் காக்கப் பேரவை தெருவுக்கு வரவில்லை. அரசின் கையால் கட்டிய அமைப்பு அந்த அரசைத் தாங்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். புதிய பொதுச்செயலாளர் பெஞ்சமின் பென்டும், நிக்ரூமா அரசில் அமைச்சராக இருந்தவர்தான். ஆனாலும் தேசியச் சங்கங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்து, கூட்டமைப்பை மீண்டும் பேச வைத்தார். அந்தப் பேச்சே ஆபத்தாக முடிந்தது.

1969-இல் தேர்தலில் வென்று வந்த கோஃபி புசியாவின் அரசு 1971 வரவு செலவுத் திட்டத்தில் தேசிய வளர்ச்சி வரி என்று ஒன்றை விதித்தது. மறுபடியும் சம்பளத்தில் கை. பேரவை எதிர்த்தது, வேலைநிறுத்தங்கள் பெருகின. செப்டம்பரில் அரசு அவசர அவசரமாக 383-ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றிப் பேரவையைக் கலைத்தது. அதன் சொத்தை முடக்கியது. தேர்தலில் வென்ற, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த சமூகவியல் பேராசிரியர் ஒருவரின் அரசு இதைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ராணுவத்துக்கு மட்டுமே உரிய குணம் அல்ல இது. சட்டத்தால் உயிர் பெற்ற அமைப்பு, சட்டத்தால் ஒரே வீச்சில் போயிற்று.

புசியாவின் ஆட்சியும் அதிக நாள் நிற்கவில்லை. டிசம்பரில் சேடி நாணயத்தின் மதிப்பைப் பெரிதாகக் குறைத்தார். 1972 ஜனவரி 13-இல் கர்னல் அச்சம்பொங் ஆட்சியைப் பிடித்தார். கலைப்புச் சட்டத்தை ரத்து செய்து பேரவையை மீட்டது அவரது முதல் வேலைகளில் ஒன்று. திரும்பக் கிடைத்த உயிருக்கு விலை, மௌனம். 1977-இல் பணவீக்கம் 100 சதவீதத்தைத் தாண்டிச் சம்பளத்தைக் காகிதமாக்கியபோதும், அச்சம்பொங்கை எதிர்த்து முன்னே வந்தவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள், மாணவர்கள். பேரவைத் தலைமை பின்னால்தான் நின்றது.

6. ராலிங்ஸ் காலம்

1981 டிசம்பர் 31-இல் ராணுவ அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் இரண்டாம் முறை ஆட்சியைப் பிடித்ததும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் பாதுகாப்புக் குழுக்கள் முளைத்தன. 1982 ஏப்ரலில் கிளைச் சங்கங்களின் கூட்டணி ஒன்று தொழிற்சங்க மாளிகைக்குள் புகுந்து பழைய தலைமையை வெளியேற்றி, இடைக்கால நிர்வாகக் குழுவை அமர்த்தியது. புதிய அரசின் தூண்டுதல் இதில் இருந்தது உண்மை. அதோடு, இருபதாண்டுகளாகக் கிளைகளில் சேர்ந்த கசப்பும் இருந்தது.

1983-இல் வறட்சி, காட்டுத்தீ. நைஜீரியா வெளியேற்றிய பல லட்சம் கானா மக்கள் ஒரே நேரத்தில் வீடு திரும்பினார்கள். அந்த ஆண்டிலேயே ராலிங்ஸ் அரசு பன்னாட்டு நாணய நிதியத்தின் வழிக்குத் திரும்பியது. டாலருக்கு 2.75 சேடி என்றிருந்த மதிப்பு 1986-க்குள் 90 ஆனது. கோக்கோ வாரியத்திலும் அரசுத் துறைகளிலும் பெரும் ஆள்குறைப்பு. வேலை போனவர் சம்பளச் சீட்டு போனவர். அவரோடு சந்தாவும் போனது. 1983 டிசம்பர் மாநாட்டில் வந்த புதிய தலைமை இந்த அலையைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. ஒரே ஒரு இடத்தில் பலத்தைக் காட்டியது. 1986-இல் அரசு விடுப்புப் படியை ரத்து செய்தபோது பேரவை எதிர்த்து நின்று, ரத்தையே ரத்து செய்ய வைத்தது. சிறு வெற்றிதான். ஆனால் துப்பாக்கி பிடித்த ஆட்சியிடம் சம்பளச் சீட்டின் ஒரு வரியைக் காப்பாற்றினார்கள் என்பது சிறிதல்ல.

7. ஏகபோகம் முடிந்த பிறகு

1992 அரசியலமைப்பு சங்கம் வைக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. பேரவையும் கட்சிகளிடமிருந்து விலகி நிற்பதைக் கொள்கையாக ஏற்றது. 2003-இன் தொழிலாளர் சட்டம் (எண் 651) பேரவையின் பழைய ஏகபோகத்தைச் சட்டப்படியே முடித்துவைத்தது: ஒரே நிறுவனத்தில் இரண்டு பேர் இருந்தாலும் சங்கம் வைக்கலாம், தகராறுகளுக்கு ஏழு பேர் கொண்ட தேசிய தொழிலாளர் ஆணையம், வேலைநிறுத்தத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு. சட்டம் வருவதற்கு முன்பே ஜவுளித் தொழிலாளர் சங்கம் வெளியேறியிருந்தது. போட்டிக் கூட்டமைப்பும் உருவாகியிருந்தது. ஆசிரியர், செவிலியர், அரசு அலுவலர் சங்கங்கள் பெரியவை. அவை பேரவைக்கு வெளியேதான் இயங்குகின்றன. தொழில்-வணிக ஊழியர்களின் பெரிய சங்கமும் பின்னர் விலகியது.

இதைச் சரிவு என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. விலகிப் போக வழி இருக்கும்போது இருந்து கொடுக்கும் சந்தாவுக்குத்தான் அர்த்தம் உண்டு. அண்மைக் காலத்தில் பேரவை, வெளியே நிற்கும் சங்கங்களோடும் சேர்ந்து 'அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்' என்ற பொதுப் பெயரில் அரசோடு பேசுகிறது. பிணைப்பு இல்லாத அந்த ஏற்பாட்டில்தான் அதற்கு அதிகம் பலித்திருக்கிறது.

ஓய்வூதியத் தகராறு இதற்கு நல்ல சான்று. 2008-இன் ஓய்வூதியச் சட்டப்படி முதலாளி 13 சதவீதமும் தொழிலாளி 5.5 சதவீதமும் கட்டுகிறார்கள். மொத்தம் 18.5, அதில் 5 சதவீதம் தனியார் நிர்வகிக்கும் இரண்டாம் அடுக்குக்குப் போகிறது. அந்த நிதியில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களில் கிடந்தது. 2022 டிசம்பரில் கடனில் மூழ்கிய அரசு, உள்நாட்டுப் பத்திரங்களைக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட புதிய பத்திரங்களாக மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஓய்வூதிய நிதிகளும் பட்டியலில் இருந்தன. 27-ஆம் தேதி முதல் வேலைநிறுத்தம் என்று சங்கங்கள் அறிவித்தன. 22-ஆம் தேதியே அரசு இறங்கிவந்து ஓய்வூதிய நிதிகளுக்கு விலக்களித்தது. 1961-இல் சம்பளத்தில் பிடித்து அரசுப் பத்திரத்தில் போட்டதை எதிர்த்தவர்கள் தோற்றார்கள். 61 ஆண்டு கழித்து அதே வகைப் பத்திரத்தின் பேரில் அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்துச் சங்கம் வென்றது. இந்த முறை தலைமையகமும் கிளைகளும் ஒரே பக்கம் நின்றதுதான் வேறுபாடு.

2024-இல் இன்னும் இரண்டு வெற்றிகள். வீட்டு மின்சாரத்துக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி போட அரசு முனைந்தது; பிப்ரவரி 13 பேரணி அறிவிப்புக்குப் பின், பேரணிக்கு முன்பே, அரசு அதை நிறுத்தி வைத்தது. லபாடி பீச் உள்ளிட்ட ஹோட்டல்களில், ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் சமூகப் பாதுகாப்பு நிதியத்துக்கு இருந்த பங்கில் 60 சதவீதத்தை அமைச்சர் ஒருவரின் நிறுவனத்துக்கு விற்கும் முயற்சி, எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் கிளப்பிய எதிர்ப்பாகத் தொடங்கி, சங்கங்களின் வேலைநிறுத்த அறிவிப்போடு ஜூலையில் நின்றது. விற்க இருந்தது தொழிலாளர் பணத்தில் வாங்கிய சொத்து.

8. சம்பளச் சீட்டே இல்லாதவர்கள்

இந்த வெற்றிகள் எல்லாம் மாதச் சம்பளம் வாங்குவோரின் வெற்றிகள். கானாவில் உழைப்பவர்களில் பெரும்பான்மையோருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அக்ராவின் மகோலா சந்தையில் துணி விற்பவர், வோல்டா ஏரியில் வலை வீசுபவர், இரண்டு ஏக்கரில் கோக்கோ வைத்திருப்பவர், ட்ரோட்ரோ வேனின் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர் கூவும் 'மேட்' ஆகியோரின் கூலியில் யார் எதைப் பிடித்துத் தருவது?

1959-இல் தொடங்கிய பொது வேளாண் தொழிலாளர் சங்கம் இதில் மற்றவற்றைவிட முன்னே போயிருக்கிறது. தோட்டக் கூலிகளோடு நிற்காமல் சிறு விவசாயிகளையும் மீனவர்களையும் உறுப்பினராக்கியது. வோல்டா ஏரிக்கரையில் க்பாண்டோ டோர்கோர் கிராமத்தில் மீன்பிடிக்கும் ஆண்களையும் மீன் பதப்படுத்தும் பெண்களையும் சங்கமாக்கி, படகில் வேலை செய்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வைத்தது; 'டோர்கோர் முறை' என்றே அதற்குப் பெயராகிவிட்டது. முதலாளி இல்லாத இடத்திலும் சங்கத்துக்கு வேலை உண்டு என்று அது காட்டியது. முறைசாராத் தொழிலாளர் அமைப்புகளுக்கென்று பேரவையின் கீழ் தனிச் சங்கம் ஒன்றும் இப்போது இயங்குகிறது.

தனியார் சாலைப் போக்குவரத்துச் சங்கத்தின் நிலை இன்னும் சிக்கலானது. வேன் நிலையங்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. ஏற்றும் ஒவ்வொரு நடைக்கும் டிரைவரிடம் நிலையக் கட்டணம் வாங்குகிறார்கள். கையில் வாங்கும் பழைய சந்தாதான், சீட்டு மட்டும் வேறு. டீசல் விலை ஏறினால் கட்டணத்தை உயர்த்தச் சங்கம் போக்குவரத்து அமைச்சகத்தோடு பேசுகிறது. ஆனால் அந்தச் சங்கத்தில் வண்டி உரிமையாளரும் உறுப்பினர், அவருக்கு அன்றாடம் 'சேல்ஸ்' கணக்குக் கட்ட வேண்டிய டிரைவரும் உறுப்பினர். கட்டணம் ஏறினால் இருவருக்கும் மகிழ்ச்சி. உரிமையாளர் 'சேல்ஸ்' தொகையை ஏற்றினால் டிரைவர் யாரிடம் போய் நிற்பார்?

கூலி பேசும் தேசிய முத்தரப்புக் குழுவில் அரசுக்கு ஐந்து இருக்கை, முதலாளிகளுக்கு ஐந்து, தொழிலாளர்களுக்கு ஐந்து. ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியை 2023-இல் 14.88 சேடி, 2024-இல் 18.15, 2025-இல் 19.97 என்று அந்த மேசைதான் தீர்மானித்தது. ட்ரோட்ரோ 'மேட்'டுக்கு அந்தத் தொகையைத் தர வேண்டியவர் யார் என்று எந்தத் தாளிலும் எழுதியில்லை. மகோலா நடைபாதைப் பெண்ணின் கடையை அகற்றவும் வரி வாங்கவும் அதிகாரம் உள்ள அக்ரா மாநகராட்சிக்கு அந்த மேசையில் தனி இருக்கை இல்லை. 1958-இல் பேரவை அரசிடம் கேட்டு வாங்கியது, முதலாளியைப் பேச உட்கார வைக்கும் சட்டத்தை. இந்தப் பெண்களுக்காக மாநகராட்சியை அதுபோல உட்கார வைக்கும் சட்டத்தை அது இன்னும் கேட்டு வாங்கவில்லை.